கோப்பி, கொழுந்து, கொறக்கா: மெலிய வைக்கும் டப்பிக்குள் நம் மலை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். சீனியை மட்டும் குறைத்துப் போடுங்கள், காரணம் பின்னால் வரும்.

பெற்றோர் கூட்டம் என்றால் முன்பெல்லாம் பிள்ளையின் மார்க்ஸ் பற்றித்தான் கதை. இப்போது கூட்டம் கலைந்த பிறகு இரண்டு மூன்று பேர் ஒதுங்கி நின்று கைபேசியைக் காட்டுகிறார்கள். "சேர், இதக் குடிச்சா ஒரு மாசத்துல வயிறு கொறையுமாம். நல்லதா?" கேட்பவர்கள் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்கள். கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்த அக்காமார், கடையில் கல்லாவில் இருக்கும் நானாமார், கொழும்பில் இருந்து திரும்பி வந்த அண்ணன்மார். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைக்கிறவர்கள். டொக்டர் சொல்லிவிட்டார், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, பேஸ்புக்கில் டப்பி வருகிறது.

நான் வரலாறு படிப்பிக்கிறவன், வைத்தியன் இல்லை. ஆனால் அந்த டப்பிகளின் லேபிளை வாசித்துப் பார்த்தபோது அது என் பாடமாகவே தெரிந்தது. மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பச்சைக் கோப்பிக் கொட்டைச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு, கார்சீனியா. முதலாவது நம் மலையில் முதலில் நட்ட பயிர். இரண்டாவது இன்றைக்கும் நாம் கிள்ளிக்கொண்டிருப்பது. மூன்றாவதைப் பெயரை வைத்து அடையாளம் காண மாட்டீர்கள். மீன் கறிக்குப் போடும் கொறக்காதான் அது. இந்த மண்ணில் விளைகிற சாமான் வெளிநாட்டு டப்பியில் ஏறி, நாலைந்து நாள் சம்பளத்தை விலையாகக் கேட்டுக்கொண்டு நமக்கே திரும்பி வருகிறது.

கோப்பியில் இருந்து தொடங்குகிறேன். 1815இல் கண்டி ராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1830களில் இருந்து மலைக்காட்டை வெட்டிக் கோப்பி வைத்தார்கள். தோட்டத்து உறவுகளின் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்ததும், வாந்திபேதியில் வழியிலேயே விழுந்ததும் இந்தக் கோப்பிக்காகத்தான். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துருப்பிடித்தது போல ஒரு நோய் தெரிந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி மலையை விட்டே போனது.

அந்தக் கோப்பிதான் 2012இல் வேறு வேடத்தில் திரும்பியது. வறுக்காத கொட்டையின் சாற்றைக் குடித்தால் உடற்பயிற்சியே இல்லாமல் எடை குறையும் என்று ஓர் ஆய்வு வெளியானது. இந்தியாவில் வெறும் 16 பேரை வைத்து நடத்தியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டொக்டர் மெஹ்மட் ஓஸ் அதைப் பெரிதாகப் பேசினார். பெயரைப் பார்த்து நம்ம ஆள் என்று நம்பியவர்களும் நம் பக்கத்தில் இருந்தார்கள். 2014 ஜூனில் அமெரிக்க செனட் சபை அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. அதே வருடம் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு, அந்த ஆய்வின் எண்கள் மாற்றப்பட்டவை என்று குற்றம் சாட்டியது. அதற்குப் பணம் கொடுத்த கம்பனி 35 இலட்சம் டொலர் கட்டி வழக்கை முடித்தது, ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. கட்டுரை போய்விட்டது, டப்பி போகவில்லை. இன்றைக்கும் விற்கிறார்கள்.

தேயிலையின் கதை இவ்வளவு மோசமில்லை, அதனால்தான் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். அதற்கு இருநூறு வருடம் முன்பே, 1660களில், லண்டனில் தோமஸ் கார்வே என்ற வியாபாரி தேயிலைக்கு ஒரு விளம்பரத் தாள் அச்சடித்தார். அது தீர்க்காத வியாதி இல்லை என்கிற மாதிரி நீண்ட பட்டியல். தடித்த உடம்புக்காரருக்கும் இறைச்சி அதிகம் சாப்பிடுகிறவருக்கும் தேநீர் நல்லது என்பதும் அதில் இருந்தது. இன்று உங்கள் கைபேசியில் வரும் விளம்பரத்துக்கு வயது முந்நூற்று அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பிறகுதான் பார்த்தார்கள். ஜப்பானில் மிச்சியோ சுஜிமுரா என்ற பெண் விஞ்ஞானி 1929இல் பச்சைத் தேயிலையில் இருந்து கெட்டிச்சின் என்ற துவர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு சரியாகத் திறக்காத காலத்தில் சம்பளம் இல்லாமல் ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடங்கியவர் அவர். பாடப் புத்தகத்தில் வர வேண்டிய பெயர், வரவில்லை. 1999இல் ஜெனீவாவில் பத்து இளைஞர்களுக்குத் தேயிலைச் சாறு கொடுத்து அளந்தார்கள். ஒரு நாளில் உடம்பு செலவழிக்கும் சக்தி 4 வீதம் அளவில் கூடியது. உலகத்தில் உள்ள "கொழுப்பைக் கரைக்கும்" டப்பிகள் எல்லாம் இந்த 4 வீதத்தின் மேல்தான் நிற்கின்றன.

அந்த 4 வீதம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். ஏறக்குறைய 80 கலோரி. ஒரு தேக்கரண்டி சீனி 20 கலோரி. அதாவது டப்பி ஒரு நாளில் செய்வதை நாலு கரண்டி சீனி அழித்துவிடும். பிளேன்டீக்கு இரண்டு கரண்டி போடுகிறவருக்கு அது இரண்டு கோப்பை. நம் வீடுகளில் காலை எழுந்ததில் இருந்து இரவு வரை ஐந்து கோப்பை சாதாரணம். மனிதர்களில் நடந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டி 2012இல் கொக்ரேன் என்ற நடுநிலை அமைப்பு பார்த்தபோது, ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளில் கிடைத்த எடைக்குறைவு சராசரியாக 40 கிராம். கிலோ இல்லை, கிராம். தலைமுடி வெட்டினாலும் அவ்வளவு குறையும்.

பயன் குறைவு என்பதோடு முடிந்தால் பணத்தோடு போகட்டும் என்று விடலாம். பிரான்சில் செறிவான தேயிலைச் சாறு மாத்திரை ஒன்று ஈரல் பாதிப்பு முறைப்பாடுகளால் 2003இல் சந்தையில் இருந்து எடுக்கப்பட்டது. 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, பச்சைத் தேயிலையின் முக்கிய கெட்டிச்சினை மாத்திரை வடிவில் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் ஈரல் பாதிக்கப்படும் அறிகுறிகள் இரத்தத்தில் தெரிகின்றன என்று அறிவித்தது. வெந்நீரில் ஊற்றிக் குடிக்கும் தேநீருக்கு இந்தப் பயம் பொதுவாக இல்லை என்றும் அதே சபைதான் சொன்னது. நாம் தலைமுறை தலைமுறையாகக் குடித்த கோப்பைக்கும், அந்தக் கொழுந்தைப் பிழிந்து வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இனிக் கொறக்கா. தமிழ்நாட்டில் குடம்புளி என்பார்கள். தோட்டத்து வீட்டில் பழப்புளிதான் வழக்கம் என்றாலும் டவுனில் எங்கள் உம்மாமார் சூரை மீனுக்குக் கொறக்கா இல்லாமல் சட்டி வைக்க மாட்டார்கள். சிங்கள அயலவரின் அம்புல்தியல் கொறக்காவால்தான் நாட்கணக்கில் கெடாமல் இருக்கிறது. மீனைக் கெடாமல் வைக்கும் அந்தப் புளிப்பு எது என்று 1965இல் இந்தியாவில் லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள்: ஹைட்ரொக்சி சிட்ரிக் அமிலம். உணவில் இருக்கும் மாச்சத்தை உடம்பு கொழுப்பாக மாற்றும் வழியில் ஒரு நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்று அமெரிக்காவில் கண்டார்கள். 1970களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலி மெலிந்தது. அங்கிருந்து தொடங்கியது வியாபாரம்.

மனிதரில் சரியான சோதனை 1998இல் வெளியானது. 135 பேர், 12 வாரம், பாதிப் பேருக்குக் கொறக்கா மாத்திரை, மற்றப் பாதிக்கு ஒன்றும் இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைந்த சாப்பாடு. கொறக்கா எடுத்தவர்களுக்கு 3.2 கிலோ குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 4.1 கிலோ. மாத்திரை செய்த வேலை ஒன்றுமில்லை, குறைந்த சாப்பாடுதான் வேலை செய்தது. இது நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. கொறக்காவை மீனிலே போடுங்கள், நன்றாக இருக்கும்.

அப்படியானால் இவற்றை விற்க எப்படி விடுகிறார்கள் என்று கேட்பீர்கள். 1994இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன்படி துணை உணவு என்ற பெயரில் வருவதற்கு, அது வேலை செய்கிறது என்று விற்பதற்கு முன் நிரூபிக்கத் தேவையில்லை. ஆட்கள் பாதிக்கப்பட்ட பிறகுதான் அரசாங்கம் தலையிடும். 2009இல் ஹைட்ரொக்சிகட் என்ற பிரபலமான மெலிவு மாத்திரை அப்படித்தான் திரும்பப் பெறப்பட்டது. 23 பேருக்கு ஈரல் பாதிப்பு, ஓர் உயிரிழப்பு என்று முறைப்பாடு வந்த பிறகு. அதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு "முழுக்க மூலிகை" என்று எழுதிய டப்பிகளுக்குள்ளே அதே மருந்தை ஒளித்துக் கலந்திருப்பதைப் பல நாட்டுச் சோதனைகளில் பிடித்திருக்கிறார்கள். ஒரு மெலிவு மாத்திரை உண்மையிலேயே படபடவென்று வேலை செய்தால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் ஏற்கெனவே மருந்து எடுக்கிறவர் இன்னும் கூடுதலாகப் பயப்பட வேண்டும். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை இருக்கிறது. பார்சலில் வருகிற டப்பி அந்த வாசலைத் தாண்டியதா என்று வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும்.

நம் முஸ்லிம் உறவுகளுக்கு இன்னொன்று. மாத்திரைக் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது எந்த மிருகத்தில் இருந்து என்று லேபிளில் எழுதாவிட்டால் கேளுங்கள். உள்ளே இருக்கும் கொறக்கா ஹலால்தான், வெளியே இருப்பதுதான் கேள்வி.

இதுவரை டப்பியைப் பற்றிச் சொன்னேன். அதைத் தேடி ஓட வைக்கிற வயிற்றைப் பற்றி இனிச் சொல்கிறேன், ஏனென்றால் வரலாற்று ஆசிரியனாக எனக்கு அதுதான் முக்கியம். "எங்க அப்பா, தாத்தா எல்லாம் ஒல்லிக்குச்சி, எனக்கு மட்டும் ஏன் சேர் இப்படி?" என்று ஓர் அண்ணன் கேட்டார். கை கால் இன்னமும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால். இரத்தத்தில் சீனி. நம் மலையில் இது அவருடைய தனிக் கதை இல்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். அதில் இருந்து தப்ப ஓடி வந்தவர்கள் நம் மலைக்கு ஏராளம். வந்த இடத்தில் அரிசியைத் தோட்டமே கொடுத்தது, சம்பளத்தில் கழித்துக்கொண்டது. ஆள் கட்டிய கடன் தோட்டம் மாறினாலும் கூடவே போகிற துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் அரிசி விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள். சாப்பாடு என்றால் அரிசி, அதுவும் அளந்து. பருப்பு, மீன், முட்டை எல்லாம் கையில் மிஞ்சினால். 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்தது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது. அந்தக் காலத்தில்தான் கோதுமை மா நம் அடுப்புக்குள் நுழைந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை. 1980இல் திருகோணமலையில் ப்ரீமா மாவாலை ஓடத் தொடங்கிய பிறகு முழுதாகவே குடியேறிவிட்டது. ரொட்டியும் கட்டச் சம்பலும் நம் பாரம்பரிய உணவு என்று பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். நான் வெட்டுவதில்லை, ஆனால் அந்தப் பாரம்பரியத்துக்கு வயது எண்பதுதான் என்று ஓரத்தில் எழுதி விடுவேன்.

பிறகு 1974. எழுபது தாண்டியவர்களிடம் இந்த வருடத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1973இல் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலை ஏறின, நாட்டில் பங்கீடு வெட்டப்பட்டது, மாவும் சீனியும் எட்டாத விலைக்குப் போயின. கிராமத்தில் இருப்பவருக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது, மரவள்ளி வைத்தார்கள். லயத்தில் இருப்பவருக்கு நிலம் எங்கே? தோட்டங்களில் மரணம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகமாக ஏறியது. என் வாப்பா அப்போது டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர். கடன் கொப்பியில் அந்த வருடப் பக்கங்களில் பெயருக்கு நேரே தொகை கூடிக்கொண்டே போகும், பிறகு சில பெயர்கள் அப்படியே நின்றுவிடும் என்று சொல்வார். முதலாளி அந்தப் பக்கங்களை யாரிடமும் கேட்கவில்லையாம். காட்டுக் கிழங்கும் கீரையும் தேடி ஆட்கள் ஓடைக்கரை எல்லாம் கிண்டியதை வாப்பா கண்ணால் பார்த்திருக்கிறார்.

இதையும் வயிற்றையும் எப்படி முடிச்சுப் போடுகிறேன் என்று யோசிப்பீர்கள். ஹொலண்டில் 1944, 45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்ததால் பஞ்சம் வந்தது. அந்த மாதங்களில் தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஏறக்குறைய ஐம்பது வயதானபோது, 1998இல், அவர்களைச் சோதித்தார்கள். இரத்தத்தில் சீனியைக் கையாளும் சக்தி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பட்டினியில் உருவாகும் சிசு, வெளியே உலகம் இப்படித்தான் இருக்கும் என்று சேமிக்கப் பழகிப் பிறக்கிறது என்பது 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். பிறகு சோறு தாராளமாகக் கிடைத்தால் அந்தச் சேமிப்புப் புத்தி உபத்திரவமாகிறது. நமக்கு இன்னும் கிட்டிய சான்றும் உண்டு. பூனே நகரில் டொக்டர் யாக்னிக் 2003இல் காட்டினார்: அங்கே பிறக்கும் குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5 கிலோ. சின்னக் குழந்தைதான், ஆனால் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. ஒல்லியான கொழுத்த குழந்தை.

1974இல் தாய் வயிற்றில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டி நிற்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் கைபேசியை நீட்டுகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். ஹொலண்டில் செய்த மாதிரி நம் தோட்டங்களில் தேடிப் பார்த்தால் அதே கதைதான் வரும் என்பது என் அபிப்பிராயம். அதனால் அந்த அண்ணனுக்கு நான் சொன்னது, உங்கள் வயிற்றுக்கு சோம்பல் மட்டும் காரணம் இல்லை, அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருடம் இருக்கிறது என்று. நம்மவருக்கு எடை பார்ப்பதைவிட இடுப்பு அளப்பது நல்லது. ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80, அதற்கு மேலே போனால் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு வைத்த அளவு நமக்குப் பொருந்தாது.

இந்த உடம்புக்கு எது குறை என்று நம் வரலாறே சொல்கிறது. அந்த 1973இலேயே திரிபோஷா தொடங்கியது. சுகாதார அமைச்சும் கெயார் நிறுவனமும் சேர்ந்து, முதலில் அமெரிக்கக் கலவையைப் பொதி செய்து, பிறகு ஜாஎலையில் நம் சோளத்தையும் சோயாவையும் அரைத்துக் கொடுத்தார்கள். 750 கிராம் பொதி, ஒரு நாளைக்கு 50 கிராம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும். லயத்தில் அது யார் பெயரில் வந்தாலும் வீடு முழுக்கப் பகிர்ந்துதான் சாப்பிட்டோம் என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். நம் மலை கண்ட முதல் பெரிய துணை உணவு அது. அதில் இருந்தது புரதமும் இரும்பும் விற்றமினும். கொழுப்பைக் கரைக்கும் எதுவும் அதில் இல்லை. நமக்குக் குறைந்தது எது என்று கணக்குப் பார்த்துச் செய்த சாமான்.

அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. எடை குறைக்கத் தொடங்குகிற நடுவயதுக்காரருக்கு முதல் தேவை புரதம்தான், ஏனென்றால் வெறுமனே பட்டினி கிடந்தால் வயிற்றோடு தசையும் கரையும், அது ஏற்கெனவே நமக்குக் குறைவு. 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 350 கலோரி, புரதம் 10 கிராம்தான். அதே அளவு பருப்பில் புரதம் 24 கிராம். ஒரு முட்டை 6 கிராம். சோயா மீட் உலர்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம் (கூட வரும் மசாலாப் பைக்கட்டை அரைவாசியோடு நிறுத்துங்கள், அதில் உப்பு கூட). நெத்தலிக் கருவாடு கழுவி ஊற வைத்தது, அவித்த கடலை, தயிர். வெளிநாட்டுப் புரத மா கெட்டது என்று சொல்லவில்லை. அது பாற்கட்டி செய்யும்போது மிஞ்சும் தண்ணீரைக் காய வைத்தது, சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பாதகம் இல்லை. ஆனால் மாடு வளர்த்து, விடியற்காலை பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றிவிட்டு, மாலையில் பால் மிச்சத்தை டப்பியாக வாங்குவது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

இரும்பைப் பற்றி இரண்டு வார்த்தை. 1916 வாக்கில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள், ஏனென்றால் நம் ஆட்கள் வெளிறிப் போய், மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் இருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். களைப்பும் மூச்சு வாங்கலும் இருந்தால் எடைக்கு மாத்திரை தேடும் முன் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். இரத்தம் குறைந்தவரால் நடக்க முடியாது, நடக்காதவருக்கு வயிறு குறையாது. மாதவிலக்கு நின்ற அக்காமாரும் ஆண்களும் சோதிக்காமல் இரும்பு எடுக்க வேண்டாம். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவும் வேண்டாம். பாணோடும் சோற்றோடும் தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது வெகுவாகக் குறைகிறது என்று 1975இல் தென்னாபிரிக்காவில் அளந்து காட்டினார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். தேயிலைத் தேசத்தில் இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் பல வருடமாக எடுப்பவர்கள் பி12 குறைகிறதா என்று டொக்டரிடம் கேளுங்கள். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் பனியிலும் மழையிலும் வெயில் காணாமல் இருப்பவர்கள், முழுக்க மூடி உடுத்தும் நம் ராத்தாமார், விற்றமின் டி பற்றியும் கேட்கலாம். இவை இரண்டும் இரத்தத்தைப் பார்த்து எடுக்க வேண்டியவை, எடையைக் குறைப்பவை அல்ல. அரசாங்க வைத்தியசாலைகளோடு இருக்கும் சுகவாழ்வு நிலையங்களில் நடுவயதுக்காரருக்கு இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் சல்லிக் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். டப்பி வாங்கும் காசுக்கு மாதம் முழுக்க வீட்டுக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம், மிச்சமும் வரும். மருந்தை நிறுத்திவிட்டு டப்பிக்கு மாறியவர்கள் யாராவது இருந்தால், தயவு செய்து இன்றைக்கே மருந்தைத் திரும்பத் தொடங்குவது பற்றி டொக்டரிடம் போய்க் கதையுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்கள் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். 1974ஐ நேரில் பார்த்தவர்கள் நம் வீடுகளில் குறைந்துகொண்டு வருகிறார்கள். உங்கள் அம்மாயி, தாத்தா, பெரியம்மா யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்: அந்த வருடம் அடுப்பில் என்ன வெந்தது? எந்தக் கிழங்கு, எந்தக் கீரை, மாவு கிடைக்காத நாளில் ரொட்டிக்குப் பதில் என்ன? தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக் கீழே கமெண்டில் போடுங்கள். எழுத வராதவர்கள் குரல் பதிவாக அனுப்பினால் நான் எழுதிக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பியில் தொகுக்கிறோம்.